59 மாடிக் கட்டடத்தை உலுக்கிய ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட்!

1978-ம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், லெக்சிங்டன் அவென்யூவில் புத்தம் புதிதாக நிற்கிறது 59 மாடி சிட்டிகார்ப் சென்டர். மாலையில் ஊழியர்கள் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, இரவு 8 மணிக்கு வெல்டர்கள் உள்ளே வருவார்கள். அலுவலக அறைகளுக்குள் பிளைவுட் தடுப்புகள். தடுப்புக்குள் சுவர்ப் பலகைகள் பெயர்க்கப்பட்டு, கட்டடத்தின் எலும்புக்கூடு தெரியும். அந்த எலும்புகளின் மூட்டுகள் மீது 2 அங்குலம் தடிமனும் 6 அடி நீளமும் கொண்ட எஃகுத் தகடுகளை வைத்துப் பற்றவைப்பார்கள். அதிகாலை 4 மணிக்கு வேலை நிற்கும். பிறகு துப்புரவுப் பணி. காலையில் வந்து உட்காரும் ஊழியர்களுக்கு, முந்தைய இரவில் தங்கள் மேஜைக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்பது பெரிதாகத் தெரியாது.

கட்டி முடித்து ஓராண்டுகூட சரியாக ஆகவில்லை. அதற்குள் ஏன் இந்த ராத்திரி வைத்தியம்? பெரிய புயல் ஒன்று அடித்தால் கட்டடம் சாய்ந்துவிடும் என்று அதை வடிவமைத்த பொறியாளரே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருந்தார். அவரை அந்தக் கணக்கைப் போடவைத்தது கல்லூரி மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி.

அதே ஆண்டின் முதல் பாதியில், இன்னும் பட்டம்கூட வாங்காத ஒரு மாணவி, தன் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்காக இதே கட்டடத்தை எடுத்து, இதே கேள்வியைக் கேட்டிருந்தார்.

சர்ச் போட்ட கண்டிஷன்

முதலில் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிடலாம். ஏனென்றால், பிரச்னை தொடங்கியது கட்டடத்தின் காலில்.

சிட்டிகார்ப் வங்கிக்கு மன்ஹாட்டனில் தலைமையகம் கட்ட ஒரு முழு பிளாக் நிலம் தேவைப்பட்டது. அந்த பிளாக்கின் ஒரு மூலையில் செயின்ட் பீட்டர்ஸ் லூத்தரன் சர்ச் இருந்தது. நிலத்தைத் தர சர்ச் சம்மதித்தது. ஆனால், கண்டிஷன் போட்டது. அதே மூலையில் எங்களுக்குப் புது சர்ச் கட்டித் தர வேண்டும். அது தனியாக நிற்க வேண்டும். உங்கள் கட்டடத்தின் தூண் எதுவும் எங்கள் சர்ச்சுக்குள் இறங்கக் கூடாது.

மூலையில் சர்ச் நின்றால், மூலையில் தூண் வைக்க முடியாது. கட்டடக்கலைஞர் ஹியூ ஸ்டபின்ஸும், கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷரும் ஒரு துணிச்சலான வழியைக் கண்டுபிடித்தார்கள். தூண்களை நான்கு மூலைகளில் இருந்து நகர்த்தி, நான்கு பக்கங்களின் நடுவில் வைத்தார்கள். ஒவ்வொரு தூணும் 9 மாடி உயரம். அதன் மேல் மொத்தக் கட்டடமும் அந்தரத்தில் உட்கார்ந்திருக்கும். கட்டடத்தின் ஒரு மூலை அப்படியே சர்ச் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும்.

மேலே இருக்கும் எடை எல்லாம் நடுத் தூண்களுக்கு வந்து சேர வேண்டுமே? அதற்காக, ஒவ்வொரு பக்கச் சுவரிலும் 8 மாடிகளுக்கு ஒரு முறை பிரமாண்டமான ‘V’ வடிவ எஃகுத் தாங்கிகளைப் பொருத்தினார் லெமெஷர். எடையை மட்டுமல்ல, காற்றின் தள்ளுதலையும் இவைதான் தூணுக்குக் கடத்தும். கட்டடம் வழக்கமான வானளாவிகளைவிட எடை குறைவு. காற்றில் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தைக் குறைக்க, உச்சியில் சுமார் 400 டன் எடையுள்ள கான்கிரீட் பாளத்தை எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கவிட்டார்கள். கட்டடம் ஒரு பக்கம் ஆடினால், பாளம் மறு பக்கம் நகர்ந்து ஆட்டத்தை அடக்கும். இதை இயக்க மின்சாரம் வேண்டும். இந்தத் தகவலை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

279 மீட்டர் உயரம், 45 டிகிரியில் சாய்வாகச் சீவிய உச்சி. 1977-ல் திறக்கப்பட்டபோது பொறியியல் உலகம் கைதட்டியது.

பிரின்ஸ்டன் மாணவியின் புராஜெக்ட்

டயான் ஹார்ட்லி அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினீயரிங் இறுதியாண்டு மாணவி. இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் ஓர் ஆய்வேடு எழுதுவது அங்கே நீண்டகால வழக்கம். அவருடைய வழிகாட்டி பேராசிரியர் டேவிட் பில்லிங்டன். பாலங்களையும் கோபுரங்களையும் கலைப் படைப்புகளாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் என்று பெயர் பெற்றவர். ஒரு கட்டடம் எப்படி நிற்கிறது, ஏன் அந்த வடிவத்தில் நிற்கிறது, அதைச் சுற்றி வாழும் மக்களுக்கு அது என்னவாக இருக்கிறது என மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது அவருடைய பாணி.

ஹார்ட்லி எடுத்துக்கொண்டது சிட்டிகார்ப் சென்டர். ஆய்வேட்டின் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘ஒரு பெரிய அலுவலக வளாகத்தின் விளைவுகள்: அறிவியல், சமூக, குறியீட்டு விளைவுகள்’ என்று வரும். தலைப்பில் ஆபத்து, காற்று, புயல் என்று எதுவும் இல்லை. தவறு கண்டுபிடிக்கும் எண்ணத்தில் அவர் இறங்கவே இல்லை. ஊரே புகழ்கிற கட்டடத்தைப் புரிந்துகொள்ள ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

நம் ஊரில் எட்டாவது செமஸ்டர் முடித்தவர்களுக்கு ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றால் வேறு சில காட்சிகள் நினைவுக்கு வரும். நாலு பேர் கொண்ட பேட்ச், அதில் வேலை செய்கிற ஒரே ஒருவர், தங்க எழுத்து பைண்டிங், வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கும் ‘இதுல உன் பங்கு என்ன?’ என்ற கேள்வி, அதற்கு வரும் மௌனம். காசு கொடுத்தால் ரிப்போர்ட், பவர்பாயின்ட், ஓடுகிற மாடல் எல்லாம் சேர்த்துக் கையில் தந்துவிடும் ‘புராஜெக்ட் சென்டர்’களும் உண்டு. நிஜமாகவே உழைக்கிற மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்கு நிதியுதவித் திட்டமே நடத்துகிறது. ஆனால், முந்தைய பேட்ச் ரிப்போர்ட்டைத் தூசி தட்டி, அதே கணக்கை அப்படியே நகலெடுப்பதுதான் பல இடங்களில் சுலபமான வழியாக இருக்கிறது.

ஹார்ட்லிக்கும் அந்தச் சுலபமான வழி இருந்தது. லெமெஷரின் நியூயார்க் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, கட்டடத்தின் வரைபடங்களையும் கணக்குகளையும் கேட்டு வாங்கினார். அந்தக் கணக்குகளை எடுத்துச் சுத்தமாகப் பிரதியெடுத்திருந்தாலே மதிப்பெண் வந்திருக்கும். அவர் அவற்றைத் தானே மறுபடி போட்டுப் பார்த்தார். கையில் இருந்த கணக்குகளில், காற்று கட்டடத்தின் முகத்தில் நேராக மோதினால் என்ன ஆகும் என்பது இருந்தது. காற்று மூலையில் வந்து மோதினால்?

அதற்கான கணக்கு அவர் கண்ணில் படவில்லை. ஆகவே, அவரே போட்டார். தாங்கிகளில் விழும் சுமை அதிகமாக வந்தது.

ஸ்டூலும் மூலைக்காற்றும்

இது ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, வீட்டில் இருக்கும் ஸ்டூல் போதும். சாதாரண ஸ்டூலுக்கு நான்கு மூலைகளில் கால் இருக்கும். மூலையில் கையை ஊன்றினால் அங்கே கால் தாங்கும். கால்களை நான்கு பக்கங்களின் நடுவுக்கு நகர்த்திவிட்டு, இப்போது மூலையில் கையை ஊன்றிப் பாருங்கள். ஆட்டம் தெரியும்.

மூலையில் தூண் உள்ள வழக்கமான கட்டடத்துக்கு, முகத்தில் நேராக அடிக்கும் காற்றுதான் பெரிய சோதனை. அன்றைய நியூயார்க் கட்டட விதிகளும் நேர்க்காற்றுக்கு மட்டுமே கணக்குக் கேட்டன. அதனால் யாரும் விதியை மீறவில்லை. விதி எழுதியவர்கள் நடுவில் தூண் வைத்த கட்டடத்தை மனதில் வைத்து எழுதவில்லை, அதுதான் விஷயம்.

காற்று சரியாக மூலையில் மோதும்போது, அதன் விசை இரண்டு பக்கங்களுக்கும் பிரிந்து போகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முழு விசையில் சுமார் 0.7 பங்கு. பாதிப் பங்கு அல்ல, ஏனென்றால் விசை சாய்வாகப் பிரிகிறது. பள்ளியில் படித்த பிதாகரஸ் இங்கே வேலை செய்கிறார். சிட்டிகார்ப்பில் ஒரு அடுக்குக்கு எட்டுத் தாங்கிகள். இரண்டு பக்கத்து விசைகளும் சந்திக்கும்போது, நான்கு தாங்கிகளில் அவை ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். மீதி நான்கில் ஒன்றோடொன்று சேரும். 0.7 கூட்டல் 0.7, மொத்தம் 1.4. அதாவது, நேர்க்காற்றைவிட 40 சதவிகிதம் அதிகச் சுமை.

இந்தப் பயத்தோடு ஹார்ட்லி லெமெஷரின் அலுவலகத்தில் இருந்த ஓர் இளம் பொறியாளரிடம் கேட்டார். இந்த வடிவமைப்பு பாதுகாப்பானதுதான், கவலை வேண்டாம் என்ற பொருளில் பதில் வந்தது. ஒரு மாணவி, உலகப் புகழ்பெற்ற அலுவலகத்தின் பொறியாளரை எதிர்த்து எவ்வளவு தூரம் பேச முடியும்? பதிலை ஏற்றுக்கொண்டு, ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, பட்டம் வாங்கிக்கொண்டு போனார். விஷயம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்திருந்தார்.

உண்மையில், 40 சதவிகிதம் மட்டும் என்றால் கட்டடம் தாங்கியிருக்கக்கூடும். பொறியாளர்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் பலம் வைப்பார்கள். அந்த மாணவிக்குத் தெரியாத இன்னொரு பாதி இருந்தது. அது லெமெஷரின் கையில் இருந்தது.

வெல்டிங் போல்ட் ஆன கதை

லெமெஷரின் வரைபடத்தில் தாங்கிகளின் மூட்டுகள் முழுவதும் வெல்டிங் செய்யப்பட வேண்டும் என்று இருந்தது. எஃகு ஒப்பந்தக்காரர்கள், வெல்டிங்குக்குப் பதிலாக போல்ட் போடலாமே, 2,50,000 டாலர் மிச்சமாகும் என்றார்கள். கட்டுமானத்தில் இது அன்றாட நடைமுறை. லெமெஷரின் அலுவலகமும் ஒப்புக்கொண்டது. ஆனால் லெமெஷருக்கே இந்த மாற்றம் தெரியவந்தது 1978 மே மாதம், வேறொரு கட்டட வேலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான். அப்போதும் அவர் பதறவில்லை. போல்ட் போட்டால் என்ன, நேர்க்காற்றைத் தாங்குமே.

ஜூனில் அவருக்கு ஒரு போன் வந்தது. நியூ ஜெர்சியில் படிக்கும் மாணவர் என்று அறிமுகம். தூண்களைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டீர்கள் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார் என்றார் அந்த மாணவர். லெமெஷர் போனை வைத்துவிடவில்லை. தூண்கள் ஏன் நடுவில் என்று பொறுமையாக விளக்கினார். ஹார்வர்டில் பாடம் நடத்துபவர் அவர். இது என் வகுப்புக்கும் நல்ல உதாரணம் ஆயிற்றே என்று நினைத்து, மூலைக்காற்றுக்குக் கணக்குப் போட உட்கார்ந்தார். 40 சதவிகிதம் வந்தது. மே மாதம் கேள்விப்பட்ட போல்ட் விஷயம் இப்போதுதான் உறைத்தது.

காற்று தாங்கியை இழுத்துப் பிரிக்கப் பார்க்கும். கட்டடத்தின் எடை அதை அழுத்திப் பிடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் போல்ட்டுகளின் தலையில் விழும். காற்றின் இழுவை 100, எடையின் அழுத்தம் 75 என்று வைத்துக்கொண்டால், போல்ட் தாங்க வேண்டியது 25. இப்போது காற்று 40 சதவிகிதம் கூடி 140 ஆகிறது. எடை அதே 75-தான். போல்ட்டுக்கு வருவது 65. அதாவது 25, 65 ஆகிவிட்டது. 160 சதவிகிதம் அதிகம்! லெமெஷரின் கணக்கில் மூட்டுகளுக்கு வந்த எண்ணும் இந்த 160 சதவிகிதம்தான்.

ஜூலை இறுதியில் அவர் கனடாவுக்குப் பறந்தார். காற்றுப் பொறியியலில் பெரிய பெயரான ஆலன் டேவன்போர்ட், இந்தக் கட்டடத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தவர். கட்டடம் ஆடும்போது நிலைமை 40 சதவிகிதத்தைவிட மோசமாகலாம் என்று அங்கே தெரிந்தது. அங்கிருந்து மெய்ன் மாகாணத்தில் ஏரி நடுவே இருந்த தன் வீட்டுக்குப் போய், தனியாக உட்கார்ந்து மாடி மாடியாகக் கணக்குப் போட்டார். 30-வது மாடி மூட்டுதான் மிக பலவீனம். அது போனால் கட்டடம் போகும். அதை உடைக்கும் அளவுக்கான புயல் நியூயார்க்கில் சராசரியாக 16 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும்.

உச்சியில் மிதக்கும் கான்கிரீட் பாளம் வேலை செய்தால் 55 ஆண்டுகளுக்கு ஒரு முறை. ஆனால், அது ஓட மின்சாரம் வேண்டும். பெரும்புயலில் முதலில் போவது மின்சாரம்தான். ‘தானே’யையும் ‘வர்தா’வையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

16 ஆண்டுக்கு ஒரு முறை என்றால் 16-வது ஆண்டுதான் வரும் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பதினாறில் ஒரு வாய்ப்பு. அது இந்த ஆண்டாகவும் இருக்கலாம். அட்லான்டிக் புயல் பருவம் அப்போது தொடங்கியிருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவது பற்றி லெமெஷர் யோசித்தார். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிக்கூட நினைத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில், இந்த விஷயம் முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் தான்தான், தடுக்க முடிந்த ஒரே ஆளும் தான்தான் என்று புரிந்து, உண்மையைச் சொல்லக் கிளம்பினார்.

புயலும் ஸ்ட்ரைக்கும்

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. உலக வர்த்தக மையக் கோபுரங்களின் கட்டமைப்புப் பொறியாளர் லெஸ்லி ராபர்ட்சன் ஆலோசனைக்கு வந்தார். சிட்டிகார்ப் தலைமை கோபப்பட்டுக் கத்தும் என்று எதிர்பார்த்துப் போன லெமெஷருக்கு ஆச்சர்யம். பழி போடுவதை ஒதுக்கிவைத்துவிட்டு, சரிசெய்ய என்ன வேண்டும் என்று கேட்டார்கள். 200-க்கும் அதிகமான மூட்டுகளைப் பற்றவைக்கும் இரவு வேலை தொடங்கியது. வானிலை நிபுணர்களைத் தனியாக நியமித்து, நாளுக்குப் பல முறை அறிக்கை வாங்கினார்கள். புயல் வந்தால் சுற்றிலும் 10 பிளாக் தூரத்துக்கு மக்களை வெளியேற்ற செஞ்சிலுவைச் சங்கத்துடன் சேர்ந்து ரகசியத் திட்டமும் தயாரானது.

ரகசியம் என்பதுதான் இதில் உறுத்துகிற இடம். ஊடகங்களுக்கு மேலோட்டமாக ஒரு செய்திக்குறிப்பு தரப்பட்டது. ‘தி நியூயார்க் டைம்ஸ்’ செய்தியாளர் ஒருவர் மோப்பம் பிடித்து லெமெஷரைத் தேடினார். என்ன சொல்வது என்று குழம்பியபடி லெமெஷர் திரும்ப அழைத்தபோது, நகரின் பெரிய நாளிதழ்களில் ஸ்ட்ரைக் தொடங்கிவிட்டிருந்தது. ஆகஸ்ட் 10 முதல் வாரக்கணக்கில் பத்திரிகைகள் வரவில்லை. விஷயம் வெளியே வரவில்லை.

செப்டம்பர் 1. ‘எல்லா’ என்ற சூறாவளி நியூயார்க்கை நோக்கி வருவதாக எச்சரிக்கை. அதற்குள் பாதி மூட்டுகள் பலமாகிவிட்டிருந்தன. பாளமும் வேலை செய்தால் கட்டடம் நிற்கும் என்று கணக்கு சொன்னது. ஆனாலும் கணக்கைச் சோதித்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் இல்லை. சில மணி நேரப் பதைபதைப்புக்குப் பிறகு சூறாவளி கடலை நோக்கித் திரும்பியது. அக்டோபரில் வேலை முடிந்தது. இனி 700 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் புயலையும் தாங்கும் என்றார்கள்.

பக்கத்துத் தெருக்களில் வசித்தவர்களுக்கு, தாங்கள் எதற்குத் தப்பினோம் என்பது 17 ஆண்டுகள் தெரியாது. 1995 மே மாதம், ‘தி நியூயார்க்கர்’ இதழில் ஜோ மார்கன்ஸ்டர்ன் எழுதிய கட்டுரைதான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. லெமெஷர் ஹீரோ ஆனார். உண்மையைச் சொல்லத் துணிந்த பொறியாளர் என்று கல்லூரி அறநெறி வகுப்புகளில் பாடமானார். அந்தப் பாராட்டில் நியாயம் உண்டு. தன் பெயரும் தொழிலும் போகும் என்று தெரிந்தே வாயைத் திறந்தவர் அவர். அதே நேரம், மக்களிடம் மறைத்ததும், இந்தத் தவற்றில் இருந்து மற்ற பொறியாளர்கள் பாடம் கற்க 17 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்ததும் சரியா என்று கேட்ட பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு.

போன் செய்தது யார்?

கட்டுரைக்குப் பிறகு இந்தக் கதையை பி.பி.சி ஆவணப்படமாக எடுத்தது. அதைப் பார்த்த பல பேரில் ஒருவர், டயான் ஹார்ட்லி. தான் கல்லூரியில் படித்தபோது கேட்ட அதே கேள்வியை, ‘பெயர் தெரியாத மாணவர்’ ஒருவர் கேட்டதாகத் திரையில் சொல்கிறார்கள். தன் கணக்கு சரி என்பதும், தனக்கு வந்த ‘கவலை வேண்டாம்’ தவறு என்பதும், அதன் பிறகு ஒரு கோடைகாலம் முழுக்க வெல்டர்கள் ராத்திரி ராத்திரியாக உழைத்ததும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அதிலிருந்து ‘நியூயார்க்கைக் காப்பாற்றிய மாணவி’ என்று ஹார்ட்லி பற்றிப் பல இடங்களில் எழுதிவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கதை அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. ஹார்ட்லி லெமெஷரிடம் நேரடியாகப் பேசியதில்லை. லெமெஷர் நினைவில் இருந்தது ஓர் ஆண் மாணவர். ஹார்ட்லியின் கேள்வி அந்த அலுவலகத்துக்குள் யார் மூலமாகவோ நடந்து, உருமாறி லெமெஷரை அடைந்திருக்கலாம். அடையாமலும் இருக்கலாம்.

2011-ல் இன்னொருவர் வந்தார். லீ டிகரோலிஸ் என்பவர், 1978-ல் தான் நியூ ஜெர்சியில் கட்டடக்கலை படித்த முதலாண்டு மாணவர் என்றும், வகுப்புக்கான ஒரு வேலைக்காக லெமெஷருக்குப் போன் செய்தது தான்தான் என்றும் சொன்னார். தூண்களின் இடம் பற்றி அவருடைய பேராசிரியர் சந்தேகம் எழுப்பியதும் லெமெஷர் சொன்ன கதையோடு ஒத்துப்போகிறது. முடிவாகச் சொல்ல வேண்டிய லெமெஷர் 2007-லேயே காலமாகிவிட்டார்.

ஒரே கட்டடம், ஒரே ஆண்டு, இரண்டு இளநிலை மாணவர்கள், இரண்டு கல்லூரி வேலைகள். இருவருமே அந்தத் தூண்களைப் பார்த்து நெற்றியைச் சுருக்கியிருக்கிறார்கள். யார் போன் மணி அடித்தது என்ற சண்டையைவிட இதுதான் சுவாரஸ்யம். அனுபவசாலிகள் நிறைந்த அலுவலகம், விதி கேட்ட கணக்கைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. மூலைக்காற்று பற்றி விதி கேட்கவில்லை என்பது மாணவர்களுக்குத் தெரியாது. தெரியாததால் கேட்டார்கள்.

கேட்டதில் ஒன்றுக்கு ‘கவலை வேண்டாம்’ என்ற பதில் கிடைத்தது. இன்னொன்றைக் கேட்டவர் மறுபடி பேப்பரையும் பேனாவையும் எடுத்தார். இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் கேட்டவரிடம் இல்லை, பதில் சொன்னவரிடம்தான் இருந்தது. புராஜெக்ட் கைடுகள், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்கள், ஃபைலோடு வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளை ‘அப்புறம் வாப்பா’ என்று அனுப்பும் கம்பெனி இன்ஜினீயர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்கலாம்.

கணக்கு இன்னும் முடியவில்லை

கதைக்குக் கடைசியாக ஒரு திருப்பமும் உண்டு. அமெரிக்க அரசின் தரநிர்ணய, தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இந்தக் கட்டடத்தைப் போன்ற, நடுவில் தூண் உள்ள ஒரு மாதிரியை எடுத்து இன்றைய கணினி முறைகளில் மறுபடி கணக்குப் போட்டார்கள். 2019-ல் அந்த ஆய்வு வெளியானது. காற்று ஒரு சதுரக் கட்டடத்தின் மூலையில் மோதும்போது வழுக்கிக்கொண்டு போகிறது; முகத்தில் மோதும் அளவுக்கு அதன் தள்ளுதல் இருப்பதில்லை. அதனால், 1978-ல் பயந்த அளவுக்கு மூலைக்காற்று நேர்க்காற்றைவிட மோசமானது அல்ல என்பது அவர்கள் முடிவு.

அப்படியானால் அத்தனை இரவு வெல்டிங்கும் வீணா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வெல்டிங்குக்குப் பதில் வந்த போல்ட் மூட்டுகள் பலவீனமானவை என்பது வேறு பிரச்னை. 1978-ல் கையில் இருந்த அறிவை வைத்துப் பார்த்தால், 16 ஆண்டுக்கு ஒரு முறை என்ற எண்ணைக் கண்டுவிட்டுத் தூங்கப் போக யாராலும் முடியாது. மூலைக்காற்றைப் பற்றி யாருமே கேட்டிருக்காவிட்டால், 41 ஆண்டுகள் கழித்து அதை மறுபடி சரிபார்க்க உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள்.

கட்டடத்தின் பெயர் இப்போது 601 லெக்சிங்டன் அவென்யூ. 2016-ல் நியூயார்க் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. மூலையில் சர்ச் தன் இடத்தில் இருக்கிறது. அதன் கூரைக்கு மேலே கட்டடத்தின் மூலை இன்னமும் தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே மதிய நேரத்தில் அலுவலகக் கூட்டம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து உட்காருகிறது. பற்றவைத்த தகடுகள் சுவருக்குள் மறைந்திருக்கின்றன. ஹார்ட்லியின் ஆய்வேடு, வேறு ஆயிரக்கணக்கான இறுதியாண்டு ஆய்வேடுகளோடு சேர்ந்து பிரின்ஸ்டனில் இருக்கிறது.